மிளகு காரமாகத்தான் இருந்தது

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்டுப்பட்டி அணைக்குப் போனால்கூடத் தண்ணீரை எட்டிப் பார்க்க மாட்டேன், கைப்பிடிக் கம்பியிலிருந்து தள்ளியே நிற்பேன். அப்படிப்பட்டவளைக் கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சில வருடங்களாக நச்சரித்துக்கொண்டிருந்தார். கடலைப் பார்க்க அல்ல, மீன் தின்ன.

மலைமேல் சித்திரபுரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு மீன் ஸ்கூட்டரில் வரும். ஐஸ் பெட்டியில் கிடந்து கண் வெளுத்துப்போன மத்தி. அது வராத நாளில் கருவாடு. எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. ஆனால் வீட்டுக்காரர் சுற்றுலா ஆட்களை ஜீப்பில் ஏற்றி எஸ்டேட்டுகளைச் சுற்றிக்காட்டுகிறவர். கடலோரத்துக்காரர்கள் ஏறினால் எங்கள் ஊர் மீன்குழம்பைக் கேலி செய்யாமல் இறங்க மாட்டார்கள். அந்தக் கேலி அவருக்கு உறைத்துவிட்டது. அவர்களிடமே கேட்டுக் கேட்டு ஒரு பெரிய திட்டம் வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டலுக்குள் காலே வைக்கக்கூடாது. வள்ளம் கரைக்கு வரும் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். அங்கேயே மீனை வாங்கிப் பக்கத்துக் கொட்டகையில் கொடுத்தால் கூலிக்குச் சமைத்துத் தருவார்கள். கையில் காசு குறைவா, மத்தியும் மரவள்ளிக்கிழங்கும். கொஞ்சம் இருக்கிறதா, அயிலை. தாராளமாக இருந்தால் இறால். பிச்சைக்காரனுக்கும் பணக்காரனுக்கும் கடலில் சோறு உண்டு என்று ஏதோ கடலையே விலை பேசி முடித்தவர் மாதிரி பேசுவார்.

சீசன் முடிந்து ஜீப்புக்கு ஓட்டம் இல்லாத ஒரு வாரத்தில் அதிலேயே கிளம்பினோம். அத்தையைக் கூப்பிட்டோம், வர மறுத்துவிட்டார். என் மாமியார் அவர். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர், எங்களோடு இருக்கிறார். கீழே கிடைக்கும் மிளகு மிளகே அல்ல என்பது அவர் கட்சி. வீட்டுக்குப் பின்னால் கொடியில் காய்ந்த மிளகை ஒரு பொட்டலமாகக் கட்டி, சமைக்கிறவளிடம் இதைப் போடச் சொல் என்று என் பையில் திணித்தார்.

கொச்சியைத் தாண்டி இருந்தது அந்த ஊர். ஒரு பக்கம் நீச்சல்குளம் வைத்த ரிசார்ட்டுகள், அதே மணலில் கொஞ்சம் தள்ளி வலை காயப்போட்ட கரை. வள்ளம் வந்ததும் சத்தமாக ஏலம் போட்டார்கள். காகங்களும் பூனைகளும் எங்களைவிட விவரமாக நின்றன. அலை காலைத் தொட்டபோதெல்லாம் நான் பின்னால் போனேன். அவர் முன்னால் போனார். கூடையில் இன்னும் துள்ளிக்கொண்டிருந்த இறாலைப் பார்த்ததும் அவர் முகம் குழந்தை முகமாகிவிட்டது. இத்தனை எதற்கு என்று கேட்டேன். உனக்கு வேண்டுமானால் மத்தி வாங்கிக்கொள் என்றார். வாங்கிக்கொண்டேன்.

கொட்டகையில் சமைத்த அம்மாள் எங்கள் மிளகை முகர்ந்து பார்த்து, மீதியைத் தன்னிடமே விட்டுவிடக் கூடாதா என்று கேட்டாள். கொஞ்சம் கொடுத்துவிட்டு மிச்சத்தை மடித்து வைத்துக்கொண்டேன். தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலையும் மிளகும் பொரிந்த வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. ருசியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு மீனை நான் தின்றதில்லை. இறால் பக்கம் மட்டும் நான் போகவில்லை. கண்ணைக் குச்சியில் நட்டு வைத்திருக்கும் பிராணிகள் மீது எனக்கு நம்பிக்கை கிடையாது. அத்தனையையும் அவரே தின்றார்.

சாப்பிட்டுவிட்டுக் காற்றாடி என்கிற சவுக்கு மர நிழலில் வந்து உட்கார்ந்தோம். அவர் கழுத்தைச் சொறிந்தார். அப்புறம் கையை. சட்டையை விலக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்திருந்தது.

எங்கள் லயத்து ஆட்கள், அதாவது எஸ்டேட் வரிசை வீட்டுக்காரர்கள், யாரைக் கேட்டாலும் அந்தத் தடிப்புக்கு ஒரே பெயர்தான் சொல்வார்கள். காணாக்கடி. கண்ணுக்குத் தெரியாமல் பூச்சியோ பாம்போ தீண்டிவிட்டுப் போவது. அவருக்கு வருடத்தில் இரண்டொரு தடவை லேசாக வந்து போகும். ஆனால் அவருடைய அப்பா செத்ததே அதில்தான். இவர் அப்போது சின்னப் பையன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லயத்துக்குப் பின்னால் போன மாமா உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கித் திரும்பி வந்தாராம். எஸ்டேட் வண்டி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அத்தை பின்பக்கத்துப் புதரைக் கம்பால் தட்டாமல் யாரையும் அங்கே போகவிட்டதில்லை.

"நேத்து ஜீப்புக்கு அடியில புல்லுல படுத்தேம்லா. அப்பவே எதுவோ தொட்டிருக்கு" என்றார் அவர்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கடலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நாங்கள் இருவரும் மலையில் இருக்கும் பாம்பைப் பற்றி யோசித்தோம். காணாக்கடிக்கு எங்கள் வைத்தியம் வெற்றிலையில் மிளகை வைத்து மெல்லுவது. அது வைத்தியம் மட்டுமல்ல, சோதனையும்கூட. மிளகு காரமாக இருந்தால் விஷம் தலைக்கு ஏறவில்லை, பயப்பட வேண்டாம். உறைக்காமல் போனால்தான் ஆபத்து. பெட்டிக்கடைக்கு ஓடி வெற்றிலை வாங்கி வந்தேன். மிளகை எண்ணாமல் அள்ளி வைத்து மடித்துக் கொடுத்தேன். அவர் மென்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காரமா இருக்கா?"

"காரமாத்தான் இருக்கு."

அப்பாடா என்று இருந்தது. அவரை மணலில் படுக்க வைத்துவிட்டு, ஜீப்பைப் புல்லில் நிறுத்தியதற்குத் திட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன். அவர் பதில் சொன்னார். அந்தக் குரல் அவருடையதாக இல்லை. மூக்கை அடைத்துக்கொண்டு வேறு யாரோ பேசுவது போலிருந்தது. தொண்டையில் என்னவோ உட்கார்ந்திருக்கிறது என்றார். இன்னொரு வெற்றிலை கொடுத்தேன். காரமா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். நாக்கில் காரம் இருந்தது. உதடு வீங்கிக்கொண்டிருந்தது. மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அதுவரை எதற்கெல்லாமோ பயந்திருக்கிறேன். அதெல்லாம் பயமே அல்ல என்று அப்போது தெரிந்தது. ஜீப் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது, எனக்கு ஓட்டத் தெரியாது. ஆசுபத்திரி எந்தத் திசையில் என்று தெரியாது. அந்த ஊரில் எங்களைத் தெரிந்த ஒரு முகம் கிடையாது. கால் மணலில் புதையப் புதையக் கொட்டகைக்கு ஓடினேன். அவர் கிடந்த பக்கம் கையைக் காட்டினேன். சமைத்த அம்மாள் கரண்டியோடே ஓடி வந்தாள். அவர் உதட்டைப் பார்த்ததும் இறால் தின்றுதான் இது என்று மலையாளத்தில் கத்திக்கொண்டே சாலையில் போன ஆட்டோவை மறித்தாள். இறாலா என்று யோசிக்கக்கூட எனக்கு நேரமில்லை.

ஆட்டோவில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி எலும்புவரை வலித்தது. நடுவில் அந்தப் பிடி தளர்ந்தது. வலியே இருக்கட்டும், பிடியுங்கள், விடாதீர்கள் என்று நான் கெஞ்சிக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர் மாரியம்மனை, வழியில் தெரிந்த மாதாவை, எதிரே வந்த பள்ளிவாசலை, யாரையும் நான் விடவில்லை.

ஆசுபத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். முகத்தில் குழாய் வைத்தார்கள். விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைத் தேடிய பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் வந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். காணாக்கடி, மிளகு எல்லாவற்றையும் சிரிக்காமல் கேட்டார். இறால் அவருக்கு ஆகாது, இனி வாழ்நாள் முழுக்க வாயில் வைக்கக்கூடாது என்றார். கருவாடாக இருந்தாலும் அதே கதைதான், இதுவரை லேசாக வந்தது இனி லேசாகவே வரும் என்று நம்ப முடியாது என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று கேட்டார். வீட்டுக்காரர் அப்பாவைச் சொன்னார். அன்றைக்கு அவர் என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டதும் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு அம்மா இறால் கருவாடு வறுத்திருந்தா. அப்பாவுக்குப் பிடிக்கும்னு அவருக்குன்னே வறுத்தது."

திரும்பும்போது மலை வளைவுகளில் நான் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. அத்தையிடம் என்ன சொல்வது என்பதுதான் பயமாக இருந்தது. சொல்லவே கூடாது என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தார். சொல்லாவிட்டால் அதே கருவாடு உங்கள் தட்டுக்கு வருமே என்று நான் சண்டை போட்டேன். அடிமாலி தாண்டியும் முடிவு வரவில்லை. வீட்டு வாசலில் அத்தை மகனின் வீங்கிய கண்ணைப் பார்த்துக் கேட்டபோது, காணாக்கடிம்மா என்றார் அவர். அத்தை என்னிடம் மிளகு கொடுத்தாயா என்று மட்டும் கேட்டார். கொடுத்தேன் என்றேன். கடல் சாமான் இனி வீட்டுக்குள் வராது, அம்மனுக்கு வேண்டிக்கொண்டோம் என்று நானாக ஒரு பொய்யைச் சேர்த்தேன். வேண்டுதல் என்றதும் அத்தை மறுபேச்சுப் பேசவில்லை. டப்பாவில் இருந்த கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மாமா இறந்த நாள் வந்தது. வருடா வருடம் அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிடுவோம். சோறு, முட்டை, சாராயம் ஒரு மூடி. அத்தை முந்தானைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பக்கத்து வீட்டு அடுப்பில் வறுத்து வாங்கி வந்த இறால் கருவாடு. வேண்டுதல் நமக்குத்தான், அவருக்கு ஏது வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டே இலையில் வைத்தார். கும்பிட்டு முடித்ததும் வழக்கம்போல இலையிலிருந்து ஒரு பிடி பிசைந்தார். அப்பா இலைச்சோற்றில் முதல் வாய் மகனுக்கு.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அந்த மனுஷன் வாயைத் திறந்தார். அம்மா மனசு நோகக்கூடாது என்று உயிரை வைத்து விளையாடப் பார்த்தார்.

நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். சோறு பாயில் சிந்தியது.

"வேண்டாம் அத்தை. இவருக்கு வந்தது காணாக்கடி இல்ல. இதான்."

அத்தை என் மீது கோபப்படவில்லை. கையிலிருந்த சோற்றைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பிறகு மாமாவின் படத்தைப் பார்த்தார்.

"அப்ப அவுகளுக்கும் இதானா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் பாயில் சிந்திய சோற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். நான்தான் ஆமாம் என்றேன்.