எந்தப் பைக் காசு

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய போனிலிருந்து வேலை வந்ததோ அவருக்குத்தான் கமிஷன். இதை யாரும் எழுதி வைத்ததில்லை, மீறியதுமில்லை. நான் மலையில் ஷாமியானா, நாற்காலி, டியூப்லைட், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். ஒரு கல்யாண வீட்டைக் கைகாட்டிய டீக்கடைக்காரருக்கு நான் கமிஷன் கொடுப்பேன். என்னிடம் இல்லாத சாமானுக்கு நான் ஒருவரைக் கைகாட்டினால் அவர் எனக்குக் கொடுப்பார். கேட்டு வாங்குவது மரியாதையில்லை. கொடுக்காமல் விட்டால் அடுத்த வேலை வராது.

என்னிடம் இல்லாத சாமான் பிரீசர் பாக்ஸ். முன்பெல்லாம் மலையில் அதை யாரும் தேடவில்லை. இப்போது வீட்டுக்கொரு பிள்ளை திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கிறது, அது வந்து முகம் பார்க்கும்வரை உடம்பை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. சாவு விழுந்தால் எனக்குப் போன் வரும். பாக்ஸ் வைத்திருக்கும் செங்கத்துக்காரருக்கு நான் போன் செய்வேன். வண்டி மலையேறிவிடும். பாக்ஸைத் திரும்ப எடுத்துப்போக வரும் டிரைவரின் கையில் என் கமிஷன் ஒரு கவரில் இருக்கும். நாணயத்தில் அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது.

என் மனைவிக்கு அந்தக் கவரைக் கண்டாலே ஆகாது.

"அழுவுற வூட்டுல பங்கு வாங்கிக்கினு வர்றியேய்யா, உனக்குக் கூசல?"

நான் வாங்காவிட்டால் செங்கத்துக்காரர் வாடகையைக் குறைக்கவா போகிறார், அவரே வைத்துக்கொள்வார் என்பேன். என் கணக்கு சரிதான். அவள்தான் அந்தக் கணக்குக்குள் வரமாட்டாள். சண்டை போட்டு அலுத்து, கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கல்யாணக் காசு சட்டைப் பையில், சாவுக் காசு பேண்ட்டின் பின்பையில். பின்பைக் காசு டீசலுக்கும் டயருக்கும் போகலாம், அடுப்படிக்கு வரக்கூடாது. நான் அரிசியோடு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே மறித்துக்கொள்வாள். "எந்தப் பைக் காசு?" சட்டைப் பை என்று சொன்ன பிறகுதான் கை நீட்டுவாள். எனக்கு எரிச்சலாக வரும். நோட்டுக்கு என்னடி தீட்டு என்று தெருவே கேட்கக் கத்தியிருக்கிறேன். ஆனாலும் பையை மாற்றி வைத்ததில்லை.

போன மாசியில் ஒரு காலை, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நான் வெளியே வந்து, ஓசூரில் வேலை செய்யும் என் மகளுக்குப் போன் போட்டேன். அவள் வந்து சேர இருட்டிவிடும், எடுப்பது மறுநாள்தான் என்று தெரிந்தது. அடுத்த போன் செங்கத்துக்கு.

"அண்ணே, மலைக்கு ஒரு பாக்ஸ் வேணும். லேடீஸ். ஜெனரேட்டர் நம்மளது கீது."

"எடம் எங்கப்பா?"

"பஸ் ஸ்டாண்டு பின்னாடித் தெரு."

"இதோ ஏத்தி அனுப்பறேன்."

யார் என்று அவர் கேட்கவில்லை. எப்போதும் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. மறைக்க நினைத்தேன் என்றில்லை. வாய் தனக்குப் பழகியதைச் சொல்லி முடித்துவிட்டது, அவ்வளவுதான்.

என் வீட்டு வாசலில் என் ஆட்கள் என் ஷாமியானாவைக் கட்டினார்கள். ஒரு மூலைக் கயிறு தளர்ந்திருந்தது, போய் இழுத்துக் கட்டினேன். மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டரை ஓடவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லி யார் யாரோ கூப்பிட்டார்கள், டீசல் பார்க்க வேண்டும் என்றேன். மகள் வந்து பாக்ஸின் மேல் விழுந்து கதறியபோதும் என் கண் கூலிங் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் மண் தள்ளும்போதும் வரவில்லை.

அடக்கம் முடிந்த அடுத்த காலை பாக்ஸை எடுக்க டிரைவர் வந்தான். ஆள் புதுசு, என்னை முன்பின் பார்த்ததில்லை.

"டெத் வூட்டுக்காரரு யாருங்க? வாடக வாங்கணும்."

"நான்தான்பா." எழுந்துபோய் உள்ளேயிருந்து எடுத்து வந்து எண்ணிக் கொடுத்தேன்.

பாக்ஸை ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு மறுபடியும் வந்தான். "இங்க ஷாமியானா கட அண்ணன்னு ஒருத்தராமே, எங்க இருப்பாருங்க? ஓனர் ஒரு கவர் குடுத்தனுப்பிச்சாரு."

"அதுவும் நான்தான்."

என் முகத்தைப் பார்த்தான். மேலே கிடந்த துண்டைப் பார்த்தான். கவரை நீட்டவும் முடியாமல், திரும்ப வைத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றான்.

"அண்ணே... ஓனருக்குத் தெரியாதுண்ணே."

"பரவால்லப்பா, குடு. என் போன்லருந்துதான போச்சி."

வாங்கிக்கொண்டேன். பழக்கத்தில் கை பின்பக்கம் போனது. வேட்டிதான் கட்டியிருந்தேன், பின்பை இல்லை. சட்டையும் போடவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் வீட்டில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மகள் வெளியே வந்தாள்.

"அப்பா, அரிசி தீந்துபோச்சி. காசு கீதா?"

இடுப்பிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவள் கவரைப் பிரித்துக்கொண்டே கடைப் பக்கம் நடந்தாள். திரும்பி வரும்போது அரிசியை இடுப்பில் வைத்திருந்தாள். நான் அவசரமாக எழுந்து நின்றேன். சட்டைப் பை என்று சொல்வதா, பின்பை என்று சொல்வதா என்று தெரியாமல் வாசற்படியைப் பார்த்தேன். மகள் என்னைத் தாண்டி, படியைத் தாண்டி, நேரே அடுப்படிக்குள் போனாள். யாரும் மறிக்கவில்லை. எந்தப் பைக் காசு என்று யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் அவள் செத்துப்போனது எனக்குத் தெரிந்தது.