புலிப் போர்வையில் ஒரு ரூம்

பஹ்ரைனுக்கு மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். பிழை இருக்குமோ என்று இப்போதே கவலையாக இருக்கிறது. இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் நாள்

மனாமாவின் சூக் என்கிற பழைய கடைத்தெருப் பக்கம் ஒரு முத்து வியாபாரியின் கிடங்கு. அதை இடிக்காமல் உள்ளே மட்டும் மாற்றி லாஃப்ட் ஃப்ளாட்டுகளாக்கியிருந்தார்கள். லாஃப்ட் என்றால் எங்கள் வீட்டில் அண்டா குண்டா ஏற்றி வைக்கிற இடம். இங்கே அதில் மேனேஜர்கள் குடியிருந்தார்கள். உயரமான ஒரே ஹால், ஓரத்தில் மரப்படி, ஏறினால் கட்டில் போட ஒரு மேல்தட்டு. அறை என்று எதுவும் கிடையாது. சுவர் பவளக்கல், பூச்சு இல்லை. ஏசி டக்ட், பைப் எல்லாம் வெளியே தெரிந்தது.

சூப்பர்வைசர் காதர் பாயிடம், "பூச்சு வேலை எப்ப பாய்?" என்று கேட்டேன்.

"ஏலே அந்தோணி, இதுதாம்ல ஃபினிஷிங். இந்தச் சுவரு உன் பாட்டன் பூட்டனுக்கும் மூத்தது. ஒரு ஆணி அடிச்சேன்னு வையி, ஓனரம்மா உன்ன நேரா ஏர்போர்ட்டுல கொண்டு விட்டுருவா. கலாஸ், கத முடிஞ்சுது."

அன்றே என் டூல் பாக்ஸில் இருந்த ஆணிகளை ஸ்டோரில் கொடுத்துவிட்டேன். சுவரில் சாய்வதை விட்டேன். தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வருவேன்.

2. அறை கேட்ட மேடம்

மாடியில் ஒரு ஃப்ளாட்டில் வித்யா மேடமும் அவர் கணவரும் இருந்தார்கள், கோயம்புத்தூர்க்காரர்கள். மேடத்தின் அப்பாவும் அம்மாவும் விசிட் விசாவில் வந்திருந்தார்கள். குழாய் ரிப்பேர் என்று கூப்பிட்டார், போனேன். குழாய் நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணா, இந்த வீட்டுல பாத்ரூமுக்கு மட்டுந்தான் கதவு இருக்குதுங்க. உள்ள அம்மா இருந்தாங்கன்னா அப்பா வேட்டியக் கையில புடிச்சுட்டு வெளிய நிக்கறாரு. மேல நாங்க மெல்லப் பேசுனாக்கூட கீழ கேக்குது. நேத்து இவரு, 'உங்கப்பா எப்ப ஊருக்குப் போறாரு'ன்னு என்னைக் கேட்டாருங்க. கீழ இருந்து அப்பாவே, 'ரெண்டு மாசங்க மாப்ள'ங்கறாரு."

நான் சிரிக்காமல் இருக்கக் குழாயைப் பார்த்துக்கொண்டேன்.

"இப்ப அடுத்த வாரமே கெளம்பறேங்கறாருண்ணா. முதல் தடவயா எங்கூட்டுக்கு வந்திருக்காங்க. ரூமாட்டம் ஏதாச்சும் பண்ணிக் குடுங்க."

மனசு இளகிவிட்டது. ஆனால் ஆணி இல்லாமல் அறை எப்படி?

அப்போதுதான் குதைபியாவில் நான் தங்கியிருந்த ரூம் ஞாபகம் வந்தது. பல பேர் இருக்கிற ரூமில் அவனவன் கட்டிலைச் சுற்றிப் போர்வை கட்டிக்கொள்வான். போர்வைக்குள் போய்விட்டால் அது அவன் வீடு. அழுதுகொண்டே வீடியோ கால் பேசினாலும் பக்கத்துக் கட்டில்காரன் காதில் விழாத மாதிரியே இருப்பான். அதுதான் அங்கே மரியாதை.

ஜிஐ இரும்புப் பைப்பில் சுவரைத் தொடாமல் தனியாக நிற்கிற ஒரு ஃப்ரேம் செய்தேன். தரையும் பழசாயிற்றே, கீறல் விழுந்தால்? கால்களுக்கு அடியில் கம்பளித் துணி ஒட்டினேன். ஊருக்குக் கொண்டுபோக ரூம்மேட்டுகள் வாங்கி வைத்திருந்த போர்வைகளைக் கெஞ்சி வாங்கித் தொங்கவிட்டேன். முன்பக்கம் புலி, பக்கங்களில் மயில், பின்னால் ரோஜாப்பூ.

மேடத்தின் அப்பா உள்ளே போய் வந்து, "அருமைங்க தம்பி. கல்யாண மண்டபத்துல மாப்ள ரூமாட்டம் இருக்குது" என்றார்.

3. ரூம் நடந்தது

நான் பைப்பும் போர்வையுமாக மேலே போனதை யாரோ பார்த்துவிட்டு, அந்த ஃப்ளாட்டில் ஆள் சேர்த்துக் கட்டில் வாடகைக்கு விடுகிறார்கள் என்று ஓனரம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். ஃபேமிலி பில்டிங்கில் பெட்ஸ்பேஸ் கூடாது. பிடிபட்டால் குடியிருப்பவரும் வெளியே, கட்டிக்கொடுத்தவனும் வெளியே.

காதர் பாய் போன் செய்தார். "ஏலே, ஓனரம்மா வந்தாச்சு. படியேறுதா."

"பிரிச்சிரவா பாய்?"

"பிரிக்க நேரம் ஏதுல? யல்லா, ஓடு."

நான் ஓடிப்போய் நிற்பதற்கும் ஓனரம்மா காதர் பாயோடு நுழைவதற்கும் சரியாக இருந்தது. கறுப்பு அபாயா அங்கியை ஒதுக்கிக்கொண்டு புலிக்கு நேராக நின்றார்.

"யே கியா ஹை?" இது என்ன என்று இந்தியில் கேட்டார்.

"பர்தா, மேடம்" என்றார் காதர் பாய். இந்தியில் திரைச்சீலைக்கும் அதுதான் பேர்.

போர்வைக்குள்ளிருந்து மேடத்தின் அப்பா குரல் வந்தது. "யாரம்மா வித்யா? உள்ள வந்துராதீங்க, வேட்டி கட்டிட்டிருக்கேன்."

ஓனரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. போர்வை நுனியைப் பிடித்தார். பெரியவர் பதறி, உள்ளிருந்து பைப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பளபளவென்ற தரை, ஃப்ரேம் கால்களுக்கு அடியில் கம்பளித் துணி. ரூம் நகர்ந்தது. ஓனரம்மா இந்தப் பக்கம் இழுத்தார், பெரியவர் அந்தப் பக்கம் இழுத்தார். ஓனரம்மா பயந்து கையை விட்டதும் புலி, மயில், பெரியவர் எல்லாம் ஒன்றாகப் பவளக்கல் சுவரைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள்.

ஓடிப்போய்ச் சுவருக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். பைப் வயிற்றில் இடித்தது. கண் இருட்டியது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மயிலுக்கும் புலிக்கும் நடுவிலிருந்து பெரியவர் தலையை நீட்டி, "வணக்கங்க" என்றார். ஒரு கை வேட்டியைப் பிடித்திருந்தது. பாத்ரூமுக்குள்ளிருந்து அவர் மனைவி, "வித்யா, நான் வெளிய வரலாமா?" என்று கேட்டார்.

"மை ஃபாதர், மை மதர்" என்றார் வித்யா மேடம், அழாத குறையாக.

ஓனரம்மா முதலில் போன் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தும் டீக் ஹை?" என்றார், நீ நல்லா இருக்கியா என்று.

"சுவர் டீக் ஹை, மேடம்" என்றேன்.

அவர் சோஃபாவில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் அரபியில் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினார். என் விசாவைப் பற்றித்தான் என்று நினைத்தேன்.

"என்ன பாய் சொன்னா?"

"ஃபேமிலிதானே, அவங்க ஊருக்குப் போறவரைக்கும் ரூம் இருக்கட்டுமாம். ஆனா ரூம் நடக்கக் கூடாதாம்."

கம்பளித் துணியைப் பிய்த்துவிட்டு ரப்பர் ஒட்டினேன். பெரியவர்கள் ரெண்டு மாதமும் இருந்துவிட்டுத்தான் போனார்கள்.

தம்பிகளே, கவலைப்படுவது தப்பில்லை. நான் சுவருக்குக் கவலைப்பட்டேன், தரைக்குக் கவலைப்பட்டேன், உள்ளே நிற்கப்போகிறவரைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. யாருக்கு எந்த ரூம் செய்து கொடுத்தாலும், முதலில் நீங்களே உள்ளே போய் ஒரு தடவை கைலி மாற்றிப் பாருங்கள்.