மிளகாய் இல்லாத அடுப்படி

ஐம்பதைத் தாண்டிய வயதில், இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் படித்த பிறகும், என் மகளுக்கு அமையவிருந்த சம்பந்தி வீட்டார் சோழர் காலத்து ஆட்களோ என்று நான் சந்தேகப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

பழியை டிவி மேல் போடுகிறேன். அப்போது ஒரு நகைச்சுவைத் தொடர் வந்துகொண்டிருந்தது. சோழர் காலத்திலிருந்து வழிதவறி நம் காலத்துக்கு வந்துவிட்ட குடும்பமொன்று ஒரு சின்ன டவுனில் வாடகைக்கு இருக்கும். மிக்ஸி ஓடினால் கும்பிடும். பக்கத்து வீட்டார் ஒரு மாதிரி பார்த்தால் குடும்பத் தலைவர் உடனே சொல்வார்: “ரொம்ப வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டோம்ங்க.” நானும் மனைவியும் மகளும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து சிரிப்போம்.

இந்த நேரத்தில்தான் உடையார்பாளையத்திலிருந்து பெரம்பலூருக்குப் பெண் பார்க்க வந்தார்கள். பையன், அரியலூரில் மகள் வேலை பார்க்கும் அதே ஆபீஸ். “இவரு இல்லன்னா வேற யாரையும் காட்டாதீங்கப்பா” என்று அவள் முன்பே சொல்லிவிட்டாள். பையனின் அப்பா, பழக்கடையில் போனில் பணம் கட்டத் தெரியாமல் முழித்ததையும், என்றோ இடித்துவிட்ட தியேட்டரை அடையாளம் கேட்டு அலைந்ததையும் சொல்லிச் சிரித்தார். பிறகு, “ரொம்ப வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டோம்ங்க” என்றார்.

எனக்குக் காபி புரையேறியது.

காலப்பயணத்தை நம்புகிறவனில்லை நான். ஆனால் சந்தேகப்படுவதற்கு நம்பிக்கை எதற்கு?

“எதையோ மறைக்கிறாங்க” என்றேன் மனைவியிடம்.

“முந்திரித் தோப்பு வெச்சிருக்காங்க. மரியாதையான குடும்பம். எதை மறைக்கிறாங்க?”

முந்திரியே சோழருக்குப் பிறகு கப்பலேறி வந்த மரம். மாறுவேடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பயிர் உண்டா? இதை வெளியே சொல்லவில்லை. அந்த அளவுக்குப் புத்தி மிச்சமிருந்தது.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். சமையல் தயாராக இருந்தது. ஆனால் பேசி முடிக்கும்வரை பெண் வீட்டார் அங்கே கை நனைக்கக் கூடாது, காபியோடு சரி. நனைத்துவிட்டால் சம்மதம் என்றாகிவிடும், அப்புறம் பேச்சு மாற முடியாது. “யோசிச்சுச் சொல்றோம்” என்று எழுந்துவிடுவது என் திட்டம். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘வேண்டாம்’ என்று பொருள். வீட்டில் மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள் என்று தெரியும். தெரிந்தும்தான்.

கொல்லையில் கால் கழுவப்போகிற சாக்கில் அடுப்படிக்குள் நுழைந்தேன். ஆளில்லை. மிளகாய்த்தூள் இல்லை, வற்றல் இல்லை, ஒரு தக்காளி கூட இல்லை. பெரிய பாட்டில் நிறைய மிளகு. மிளகாயும் தக்காளியும் சோழர் நாவில் பட்டதே இல்லை என்று படித்திருக்கிறேன். கடைசிச் சாட்சியையும் விசாரித்துவிடலாம் என்று குழம்புச் சட்டியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினேன். மிளகேதான்.

“அடடே! சம்பந்தி கை நனைச்சுட்டாரு!”

வாசற்படியில் பையனின் அம்மா. கூடத்திலிருந்து சிரிப்பும் சத்தமும். யாரோ சர்க்கரைக் கிண்ணத்தோடு ஓடி வந்தார்கள். என் மனைவி என் உள்ளங்கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மகளுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் அவள் அழுதது எனக்கே கேட்டது.

இலை போட்டார்கள். பையனின் அம்மா பரிமாறிக்கொண்டே, “காரம் பத்தலன்னா கோச்சுக்காதீங்க. இவருக்கு மஸ்கட்லேர்ந்தே வயித்துல புண்ணு. மிளகா, தக்காளி எதையும் வூட்டுக்குள்ள சேக்கறதில்ல” என்றார். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். குழம்பு நன்றாகவே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அரியலூர் தாண்டியதும், கிளம்பும்போது பையனின் அம்மா தன் காதில் சொன்னதை மனைவி சொன்னாள்:

“அவருக்கு நேரத்துக்குச் சோறு போட்டுருங்க சம்பந்தி. பாவம், பசி தாங்க மாட்டாரு போல.”