உப்பில்லாத விரால்

ரப்பர் விலை விழுந்த வருஷத்தில் மலாயாவில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீசில் மூன்றாவது கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவன். உலகத்தைத் திருத்த அந்த ஏழு போதும் என்று நினைப்பு. வாசக சாலை, கள்ளுக்கடைக்கு எதிராகப் பேச்சு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகப் பிரசாரம் என்று மாதத்துக்கு ஒன்றாக ஆரம்பித்தேன். மாதத்துக்கு ஒன்றாக நின்றும் போயின. வாசக சாலைக்கு வந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர், அவர்களும் மழைக்கு ஒதுங்கினவர்கள். கடைசியில் நான் திருத்துவதற்கு மிஞ்சியது ஒரு பூனை.

அது என்னுடைய பூனை இல்லை. எங்கள் மூன்று கிராணிகளுக்கும் ஆக்கிப்போட்ட அக்கா வளர்த்தது. தன்னுடையதும் இல்லை என்பாள் அவள். அவள் தங்கச்சியும் தங்கச்சி புருஷனும் தோட்டத்துக் கூலி லயத்தில் இருந்து ரப்பர் பால் வெட்டினவர்கள். வேலை இல்லை என்று ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினபோது அவர்கள் பேரும் பட்டியலில் வந்துவிட்டது. போகிற காலையில் அந்தப் பெண் சாம்பல் நிறக் கடுவன் ஒன்றை அக்காவின் கையில் கொடுத்து, விலை ஏறினதும் வந்துவிடுவேன், அதுவரைக்கும் பத்திரமாக வைத்திரு என்று சொல்லிப் போனாளாம். அதற்கப்புறம் ஒரு கடுதாசி இல்லை. லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அக்கா கடுவனை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தபோது கடுவன் குசினிக்குப் பின்னால் சாம்பல் மேட்டில் குந்திக்கொண்டிருந்தது. முதுகை வளைத்து முக்கியது. எழுந்து நாலடி தள்ளிப் போய் மறுபடி குந்தியது. ஒரு சொட்டும் விழவில்லை. பின்பக்கத்தை நக்கிவிட்டு, தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போட்டது. மலச்சிக்கல் என்று நினைத்து அக்கா முதல் நாளே விளக்கெண்ணெய் புகட்டியிருந்தாள். மலம் போய்விட்டது, முக்கல் நிற்கவில்லை.

கோணிப்பையில் கடுவனைப் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அங்கே டாக்டர் வேலையும் பார்த்த டிரஸ்ஸர் பொறுமைசாலிதான். ஆனால் அன்றைக்குக் காய்ச்சல்காரர்கள் வராந்தா முழுக்கப் படுத்திருந்தார்கள். பையைத் திறந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். மனுஷனுக்குக் கொடுக்கவே கொய்னா மருந்து பத்தவில்லை என்றார். சொல்லிக்கொண்டே கடுவனின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். மூத்திரப் பை எலுமிச்சங்காய் மாதிரி கெட்டியாக இருக்கிறது, தொட்டுப் பாரும் என்று என் விரலை எடுத்து வைத்தார். நான் கால்களைப் பிடித்துக்கொள்ள, அவர் குறியின் நுனியை மெதுவாக உருட்டி, பையை அமுக்கினார். முதலில் வெள்ளையாக ஏதோ திப்பி வந்தது, பிறகு இரத்தம் கலந்த நீர். திப்பியை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். பொடி மணல்.

"என்ன திங்குது இது?"

கருவாடு என்றேன். வேறென்ன சொல்வது? லயத்துப் பூனை எல்லாம் தின்பது அதுதான். சோற்றில் பிசைந்த கருவாடு, கருவாட்டுத் தலை, நெத்திலி.

பூனை தாகத்துக்குத் தேடிப் போய்த் தண்ணீர் குடிக்கிற ஜாதி இல்லை, தீனி வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகவேண்டும் என்றார் அவர். காய்ந்த தீனியை நிறுத்து, பச்சை மீனை அவித்து முள் எடுத்து, அவித்த தண்ணீரோடு கொழகொழவென்று வை, உப்பு ஒரு கல்லும் கூடாது. இன்னொரு தடவை அடைத்தால் என்னிடம் கொண்டுவராதே, நேரே குழி வெட்டு என்று சொல்லிவிட்டுக் காய்ச்சல்காரர்களிடம் போய்விட்டார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த நாளில் எனக்கு உற்சாகம் வருவதற்கு யாராவது ஒரு விதி சொன்னால் போதும்.

ஈரமாக இருக்கவேண்டும், அவ்வளவுதானே என்று முதலில் கடையில் சார்டின் டின் வாங்கினேன். கடுவன் டின்னையே நக்கித் தேய்த்தது. டிரஸ்ஸரை வழியில் பார்த்துப் பெருமையாகச் சொன்னபோது, டின்னுக்குள் இருப்பது உப்பும் தக்காளியும், உமக்கு யார் ஏழாவது பாஸ் போட்டது என்று கேட்டார். டின் பாலைத் தண்ணீரில் கலந்து வைத்தேன், வயிற்றால் போனது. ரெங்கத்துக் கடைக்கு ஐஸ் போட்டு வருகிற கடல் மீன் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் ஐஸும் இல்லை, மீன் வாசனையும் வேறாகிவிடும். கோழிக் குடல் ஞாயிற்றுக்கிழமை மட்டும். கடைசியில் சதுப்புப் பக்கம் தூண்டில் போடுகிற மலாய்க்காரர் ஒருவரைப் பிடித்தேன். மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் விட்டு, விராலை உயிரோடு கொண்டுவந்து கொடுப்பார். யாருக்கு, வீட்டில் யாருக்காவது ஆபரேஷனா என்று மலாயில் விசாரித்தார். புண் ஆற விரால் கொடுப்பது அங்கே வழக்கம். குச்சிங்குக்கு, பூனைக்கு என்றேன். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்று சிரித்தார். ஆனாலும் மறுநாளிலிருந்து நடுத்தரமான விராலாகப் பார்த்து எடுத்துவைத்தார். பெரியதில் முள் எடுப்பது சுலபம், சின்னது கடுவனுக்கு ஒருவேளைக்குச் சரி, நடுத்தரம் இரண்டுக்கும் ஆகும் என்பது அவர் யோசனை.

அடுத்த வேலை, லயத்தில் ஒவ்வொரு வாசலாக நின்று, கடுவனுக்கு யாரும் கருவாடு போடாதீர்கள் என்று சொன்னது. பூட்டாத வீடுகள் பதினைந்து இருக்கும். பூனைக்குப் பத்தியமா என்று எல்லாரும் கேட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் முகத்தைத் திருப்பாமல், "ஏன் சின்னக்கிராணி, கடுவன் என்ன புள்ள பெத்திருக்கா?" என்றார். அந்த வாரம் முழுக்க அதுதான் லயத்தில் பேச்சு. என்றாலும் சொன்னபடி கேட்டார்கள். என் பிரசாரங்களில் பலித்தது அது ஒன்றுதான்.

அக்கா கடுவனுக்கென்று ஒரு தனிச் சட்டி எடுத்தாள். நான் சொன்னபடி விராலை அவித்தாள், உதிர்த்தாள், தண்ணீரோடு ஆறவைத்து நாலு வேளையாகக் கொடுத்தாள். கடுவனும் தின்றது. மூன்றாவது வாரம் சாம்பல் மேட்டில் மறுபடியும் குந்திக்கொண்டு முக்கியது. இந்தத் தடவை முழுக்க அடைக்கவில்லை, சொட்டுச் சொட்டாக விழுந்தது.

எனக்கு விளங்கவில்லை. மறுபடியும் பதினைந்து வாசலிலும் விசாரித்தேன், யாரும் கொடுக்கவில்லை. மலாய்க்காரர் மேல் சந்தேகப்பட்டேன், மீன் உயிரோடு துள்ளியது. மழை வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஆபீசில் ஆட்குறைப்புப் பட்டியலைத் திரும்பத் திரும்ப நகல் எடுத்து விரல் வீங்கியிருந்தது. அன்று மத்தியானம் குசினிக்குள் போனவன், ஏன் என்று தெரியாமலே, கடுவனின் சட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

நல்ல உப்பு.

அக்கா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை. "கொஞ்சமாத்தான் போட்டேன்" என்றாள்.

நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எல்லாம் நினைவில்லை. கடுவன் செத்தால் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்டது நினைவிருக்கிறது. கேட்டிருக்கக் கூடாது. அக்கா அகப்பையை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"உப்பில்லாம எளவு வூட்டுலதான் தம்பி ஆக்குவாங்க. எங்க ஊருல செத்தவங்களுக்குப் படைக்கிறது அப்படித்தான். எங்க வூட்டுக்காரருக்கு ஒருதரம் வடிச்ச கை இது. உசுரோட இருக்கிற ஒண்ணுக்கு எப்படி வைப்பேன்? வச்சா நானே அதை அனுப்பி வைக்கிற மாதிரி இல்ல?"

மூடநம்பிக்கையைப் பற்றி என்னிடம் ஒரு பேச்சு தயாராகவே இருந்தது. வாசக சாலைக்கு எழுதி வைத்து, கேட்க ஆளில்லாமல் மிஞ்சினது. அதில் கால்வாசியை அங்கேயே அவிழ்த்துவிட்டேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, கோபம் எதுவும் இல்லாமல், "அப்ப நீங்க திங்கிறீங்களா?" என்றாள்.

"எதை?"

"இதைத்தான். உசுரோட உள்ள மனுசன் ஒருத்தர் கூட ஒக்காந்து திங்கட்டும். அப்ப அது படையல் இல்ல, சாப்பாடு. நானும் உப்பில்லாம ஆக்குறேன்."

ஒத்துக்கொண்டேன். கடுவனின் உயிர் அதில் நிற்கிறது என்றால் விராலைத் தின்பது என்ன பெரிய விஷயம்? ஒரு வாய் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அக்கா ஒரு தட்டு நிறைய வைத்தாள், அதே சட்டியிலிருந்து. பக்கத்தில் தரையில் கடுவனுக்கு ஒரு மங்குக் கிண்ணம்.

உப்பில்லாத விராலைப் பற்றி எழுத அதிகமில்லை. ஈரத் துணியை மென்ற மாதிரி இருக்கும். சோற்றோடு சேர்த்தால் ஈரத் துணியும் சோறும். முதல் இரண்டு நாள் கடுவனும் மோந்து பார்த்துவிட்டு என்னையே பார்த்தது. இருவரும் தட்டுகளுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தோம். இளஞ்சூடாக வைத்தால் வாசனை எழும்பும் என்று அக்காவே கண்டுபிடித்தாள். தண்ணீர்க் கிண்ணத்தைத் தீனிக்குப் பக்கத்தில் வைக்காமல் கதவோரம் தள்ளி வைத்தால் போகிற வழியில் நக்குகிறது என்பதையும் அவள்தான் பார்த்துச் சொன்னாள். உப்பு நின்றபின் அவளுக்கு இந்த வேலையில் ஒரு ஈடுபாடு வந்துவிட்டது. என்னுடையதுதான் போய்க்கொண்டிருந்தது.

மேசையில் மற்ற இரண்டு கிராணிகளும் நெத்திலி சம்பலும் ஊறுகாயுமாகச் சாப்பிடுவார்கள். நான் குசினித் தரையில். பத்தியம் எப்போது முடியும், தொட்டில் கட்டட்டுமா என்று அவர்கள் ஒருநாளும் கேட்கத் தவறவில்லை. எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போய் நின்றால் பேர் கூப்பிட ஆட்களே குறைந்துகொண்டு வந்தார்கள். மத்தியானம் விரால். சாயங்காலம் மழை. இப்படி ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது.

ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றபோது கடுவன் சாம்பல் மேட்டில் குந்தியது. நான் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்கவில்லை. அது எழுந்து, திரும்பி, சாம்பலைக் காலால் இழுத்து மூடிவிட்டு நடந்து போனது. மூடின இடம் கையகலத்துக்கு நனைந்திருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். அகப்பையோடு வந்து குனிந்து பார்த்தாள். "போயிருக்கு" என்றாள்.

இப்போது ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். அங்கேயும் பூனைகள் உண்டு. உப்பை நிறுத்தினதா, கருவாட்டை நிறுத்தினதா, அவித்த தண்ணீர் போனதா, எது கடுவனைக் காப்பாற்றியது என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அப்போதே டிரஸ்ஸரிடம் கேட்டேன். எது என்று தெரியாதபோது மூன்றையும் விடாதே என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். பூனைக்கு ஆயுசு இருக்கிற வரைக்கும் என்றார்.

ஆயுசு. நடந்து வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு வந்தேன். அக்காவிடம் சொன்னேன். மறுநாளும் இரண்டு தட்டு வைத்தாள்.

ஆயுசு வரைக்கும் நான் தின்ன வேண்டியிருக்கவில்லை. மாதக் கடைசியில் துரை கூப்பிட்டு, மூன்றாவது கிராணி இனித் தேவைப்படாது என்றார். நானே நகல் எடுத்த பட்டியல்களின் வரிசையில் அடுத்தது என் பேர், அவ்வளவுதான். வெளியே வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இனி உப்புப் போட்டுச் சாப்பிடலாம் என்பது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கடுவனின் நினைவு குவாட்டர்ஸ் படி ஏறும்போதுதான் வந்தது.

நான் எங்கே போகப்போகிறேன் என்று அக்கா கேட்டாள், தெரியாது என்றேன். பிறகு, "கடுவனுக்கு யாரு தம்பி கூட ஒக்காருவாங்க?" என்றாள்.

மற்ற இரண்டு கிராணிகளையும் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார், மற்றவர் சிரிக்கக்கூட இல்லை. அக்காவிடம் திரும்பி வந்தேன். அந்த மூடநம்பிக்கைப் பேச்சின் மீதி முக்கால்வாசி இன்னும் என்னிடம் இருந்தது. அதை எடுக்கவில்லை. நான் போனபின் சட்டியில் மறுபடி உப்பு விழும், கடுவன் இன்னொரு தடவை அடைக்கும், குழி வெட்டுவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதைத் தடுக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை.

கிளம்புகிற அன்று மாட்டுவண்டியில் என் டிரங்குப் பெட்டியை ஏற்றினார்கள். வண்டிக்காரன் நுகத்து முளையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அக்கா என்னை மேசையில் உட்காரச் சொன்னாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மேசை. கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள், கத்திரிக்காய் போட்டு. முதல் வாயிலேயே நாக்கு சுட்டது. உப்பு பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவள் எப்போதும் போலத்தான் போட்டிருப்பாள்.

குசினித் தரையில் கடுவன் மங்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மங்கில் விரால் ஆவி பறந்தது. தின்னவில்லை. நான் வழக்கமாக உட்காருகிற இடத்தைப் பார்த்தது. நான் எச்சில் கையோடு எழுந்தேன், ஒரு வாய் தின்றுவிட்டு வருகிறேன் என்று.

"நீங்க உக்காருங்க. குழம்பு ஆறுது."

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தாள். விரால் சட்டியைப் பக்கத்தில் இழுத்தாள். பிறகு விரலால் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். கசப்புக் கொய்னா குடிக்கிறவர்கள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்கியது.

"இதையா இத்தன நாளா தின்னீங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

கடுவன் தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தது. வெளியே வண்டிக்காரன் கூப்பிட்டான், ரயிலுக்கு நேரமாகிறது என்றான். நான் கையைக் கழுவிவிட்டு வாசலில் நின்றேன். போய்வருகிறேன் என்று சொன்னதற்கு அக்கா இடது கையை மட்டும் தூக்கினாள். வலது கை இரண்டாவது பிடிக்குச் சட்டிக்குள் போயிருந்தது.