உளுந்துச் செடிமேல் போட்ட பழி

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குத் தஞ்சாவூரில் தேர்வு மையத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அரசு வேலைக்கான அந்தத் தேர்வு என் மனைவிக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பு தாண்டிவிடும். அடுப்படியில் நின்றபடியே படித்தவள். மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊர் பஸ்ஸை நம்பவேண்டாம், காரிலேயே போய்விடலாம் என்றவன் நான்தான். கார், துபாயில் இருக்கும் மச்சினனுடையது. மாதக்கணக்கில் எங்கள் கொட்டகையில் சும்மா நின்றது.

மெயின் ரோடு ஏறும் முன்பே சாலை முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் போகிற வண்டிகள்தான் உளுந்தடிக்கிற மிஷின். ஒதுங்கிப் போனால் கோபித்துக்கொள்வார்கள்.

"நல்லா ஏத்திக்கிட்டுப் போங்க தம்பி!" என்று தலையில் துண்டு கட்டிய ஒரு அக்கா கை காட்டினார். ஏற்றினேன். கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை.

"ஏங்க, ஏதோ தீயுதுங்க."

"செடி அடியில சுத்தியிருக்கும்."

இறங்கி, சக்கரத்தில் சிக்கியிருந்ததை ஒரு கைப்பிடி உருவி எறிந்துவிட்டு ஏறினேன். வாடை போகவில்லை. ஸ்டியரிங் இடப்பக்கமாக இழுத்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சேற்றில் இறங்கிய வண்டி மாதிரி கார் தானாக நின்றது. முன் இடது சக்கரத்தருகே கையைக் கொண்டு போனேன். அடுப்பு வாய். அதற்கு நேர் கீழே காய்ந்த செடி புகைய ஆரம்பித்திருந்தது.

அந்த அக்கா தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார்.

"சக்கரத்துல ஊத்தாதீங்கக்கா! சூட்டுல பட்டா பிரேக் டிஸ்க்கு வெடிச்சுடும்!"

"அப்ப கீழ ஊத்துறேன், தள்ளு!" என்று தரையில் ஊற்றிவிட்டு, மிச்சச் செடியைக் கழியால் வாரித் தள்ளினார். "மேல வண்டி எரிஞ்சா உனக்கு நட்டம், கீழ உளுந்து எரிஞ்சா எனக்கு!"

காரணம் இப்போது புரிந்தது. மிதியை விட்ட பிறகும் பிரேக் பிடியை விடவில்லை. டிஸ்க்கின் மேல் பிரேக் கட்டையை அமுக்கும் காலிப்பர் இறுகிக்கிடந்தது. பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினேன். வீடியோ பார்த்துப் படித்த வித்தைதான். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு காலிப்பரின் கீழ் போல்ட்டை எடுத்தேன். காலிப்பர் வழுக்கி நகர உதவும் 'பின்' என்கிற கம்பி அசையவே இல்லை. அதன்மேல் வெள்ளையும் துருவுமாகப் பூத்திருந்தது.

எட்டிப் பார்த்த என் மனைவி சொன்னாள்: "கொட்டகையில காரை ஒட்டி உர மூட்டைய அடுக்கினீங்கல்ல? உப்பு பூத்திருக்குங்க."

யூரியா, பொட்டாஷ் எல்லாவற்றையும் எங்கள் ஊரில் உப்பு என்றுதான் சொல்வோம். அப்படிச் சொல்லிக்கொண்டே காருக்குப் பக்கத்தில் அடுக்கினோம். "உப்பிருந்த பாண்டம் தட்டினா உடையும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் அக்கா.

பின்னை ஸ்பேனரால் இப்படியும் அப்படியும் திருகினேன். கை வழுக்கி முட்டி தோலுரிந்தது. வேகமாகத் திருகினால் பின் முறிந்துவிடும். முறிந்தால் பரீட்சையும் முறிந்தது. மனைவி ஹால் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் என்னையறியாமல் வேகமாகத் திருக ஆரம்பித்தேன்.

"அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை நுழையாது தம்பி. மெதுவா" என்றார் அக்கா.

மெதுவாகத்தான் வந்தது, எலும்பு நகர்வதைப் போல. உப்பைச் சுரண்டினேன். அக்காவின் வீட்டுக்காரர் டிராக்டரிலிருந்து ஒரு விரல் கிரீஸ் கொண்டுவந்தார். பின்னைச் சுற்றியிருக்கும் ரப்பருக்கு அது ஆகாது. அன்றைக்கு மட்டும் ஆகட்டும் என்று தடவி, கட்டையை அமுக்கும் பிஸ்டனை நெம்பி உள்ளே தள்ளி, எல்லாவற்றையும் பூட்டினேன்.

மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். "பிரேக்கை மிதி."

"தரைவரைக்கும் போவுதுங்க!"

"திரும்பத் திரும்ப மிதி."

"...புடிக்குதுங்க. இப்ப புடிக்குது."

சக்கரத்தைக் கையால் சுற்றினேன். சுற்றியது.

தஞ்சாவூர்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சை இழுத்து வாடை பார்த்தோம். மையத்தில் ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவில் காவலாளி கை வைத்திருந்தார். கார் நிற்பதற்குள் அவள் இறங்கி ஓடினாள். உள்ளே போய்விட்டாள். அதன் பிறகுதான் சக்கரத்தைத் தொட்டேன். கை வைக்க முடிந்தது.

சாயங்காலம் அதே சாலை. செடி இன்னும் பரப்பிக் கிடந்தது. ஆனால் ஓரமாக ஒரு கார் போகிற அகலத்துக்குச் சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தார்கள்.

"பரிச்ச எழுதிட்டியா பாப்பா?" என்று அக்கா என் மனைவியைக் கேட்டார்.

"எழுதிட்டேன்கா."

"அப்ப சரி. ஊரு வண்டியெல்லாம் இது மேல போவட்டும். உன் வீட்டுக்காரர் வண்டி மட்டும் அந்தண்ட ஓரமாவே போவட்டும்!"