பெரிய டின்னுக்கு மட்டும்

பெயிண்ட் ஆலையில் அவளை எல்லோரும் துருவி என்றுதான் கூப்பிட்டார்கள். எதைச் சொன்னாலும் துருவித் துருவிக் கேட்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காத நாள் கிடையாது. "என்னையாவது நம்பிக் கட்டிக்கிட்டியா?" என்று கணவர் கேட்பார். "விசாரிச்சுத்தான் கட்டிக்கிட்டேன்" என்பாள்.

ஆலையில் அவளுக்கு மின்சாரப் பராமரிப்பு வேலை. மூடி போட்ட டின்களைத் தூக்கி மரப்பலகை மேல் அடுக்கும் ரோபோ கை ஒன்று அங்கே இருந்தது. அதற்குப் புரோகிராம் எழுதியவர் அவளுடைய அக்காவின் கணவர். அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவரே. மேனேஜரோடு வாய்த்தகராறு முற்றி, ஒருநாள் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனவர், போட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

அவர் போன கொஞ்ச நாளில் ரோபோவை இயக்கும் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். அதன்பிறகு தொல்லை ஆரம்பித்தது. சின்ன டின்களை ரோபோ அழகாக அடுக்கும். பெரிய டின் வந்தால் தூக்கப் போகும்போதே பாதி வழியில் அப்படியே உறைந்து நிற்கும்.

மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பழுதுன்னா எல்லா டின்னுக்கும் நிக்கணும். பெரிய டின்னுக்கு மட்டும் நிக்குதுன்னா என்ன அர்த்தம்? உங்க அத்தான் போற போக்குல ஏதோ வெச்சுட்டுப் போயிருக்காரு."

"பார்க்கிறேன் சார்."

"பாருங்க. சொந்தக்காரர்னு மறைக்க மாட்டீங்கன்னு நம்புறேன்."

அவர் சொன்ன விதத்தில் நம்பிக்கை துளியும் இல்லை. அவள் வெளியே வந்ததும் பேக்கிங் பகுதியில் பேச்சு சட்டென்று நின்றது.

அவளுக்கே உள்ளுக்குள் உறுத்தல்தான். ஆலைக்குச் சோறு போடுவது பெரிய டின். எங்கே அடித்தால் வலிக்கும் என்று அத்தானுக்குத் தெரியாதா? அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தான், போறதுக்கு முன்னாடி புரோகிராம்ல ஏதாவது மாத்தினீங்களா?"

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "உங்க மேனேஜர் கேக்கச் சொன்னாரா?"

"நான்தான் கேக்குறேன்."

"மாத்தல." சத்தத்தை மறுபடி கூட்டிவிட்டார்.

அக்கா வாசல் வரை வந்தாள். "இந்த வீட்டுக்குத் தங்கச்சியா வர்றதுன்னா வா. போலீஸா வராத."

ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாரே, ஏன்? தப்பு செய்யாதவருக்குக் கோபம் வர வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். கோபப்பட்டிருந்தால், எதற்கு இவ்வளவு கோபம் என்று யோசித்திருப்பாள். அது வேறு விஷயம்.

மறுநாள் கேபிளைச் சந்தேகப்பட்டாள், மாற்றிப் பார்த்தாள். டின்களைச் சந்தேகப்பட்டாள், எடை போட்டுப் பார்த்தாள். பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்தவர்கள் மேல் சந்தேகம் திரும்பியது. அது ஸ்டோர் ரூமில் டின் மூடிகள் வைத்த பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. தூசியைத் தட்டி, கொண்டுவந்து இணைத்தாள். ரோபோ பெரிய டின்னைப் பூப்போலத் தூக்கி வைத்தது.

அப்படியென்றால் கோளாறு கையில் இல்லை, அதை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர் பெட்டியிலும் இல்லை. கம்ப்யூட்டரில் எழுதும் புரோகிராம் கன்ட்ரோலரோடு நேராகப் பேசாது. லைப்ரரி என்று ஒன்று நடுவில் நின்று, சொல்வதை அதன் பாஷையில் மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பழைய கம்ப்யூட்டரில் இருந்தது பழைய லைப்ரரி, புதியதில் இருந்தது புது லைப்ரரி. பழையதைப் புதுக் கம்ப்யூட்டரில் போடப் பார்த்தாள். அது ஏற்கவே மாட்டேன் என்றது.

இரண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது என்ன அனுப்புகிறது என்று வரி வரியாகப் பார்த்தாள். பெரிய டின்னைத் தூக்கும் முன் மட்டும் அதன் எடையையும், பாரம் கையிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்கும் என்ற தூரத்தையும் சொல்லும் கட்டளை ஒன்று போகும். பழைய லைப்ரரி எடையை முதலில் அனுப்பியது; புதியது தூரத்தை முதலில் அனுப்பியது. மாறாத கன்ட்ரோலரோ எடையைத் தூரமாக எடுத்துக்கொண்டு, எங்கேயோ எட்டாத இடத்தில் பாரம் தொங்குவதாக நினைத்துப் பயந்து நின்றிருக்கிறது.

அவ்வளவுதானா? அவளுக்கு மனம் ஆறவில்லை. இரண்டு கம்ப்யூட்டரிலும் இருந்த புரோகிராம்களை ஒப்பிட்டாள். லைப்ரரி கன்ட்ரோலருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் எச்சரித்து ஓடவே விடாமல் நிறுத்தும் சில வரிகளைப் பழையதின் தொடக்கத்திலேயே அத்தான் எழுதியிருந்தார். புதுக் கம்ப்யூட்டரில் அந்த வரிகள் இல்லை.

புதுக் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொடுத்தவருக்குப் போன் செய்தாள்.

"ஆமாம்மா, அதுதான் லைப்ரரி பொருந்தாதுன்னு சொல்லி ஓட விடாம நிறுத்திச்சு. எடுத்துடுன்னு மேனேஜர் சொன்னாரு. என் பின்னாடியேதானே நின்னுட்டிருந்தாரு?"

புதுக் கம்ப்யூட்டருக்கும் ஒத்துப்போகிற, பழைய வரிசையிலேயே பேசுகிற, லைப்ரரியின் இடைப்பட்ட பதிப்பு ஒன்றை ரோபோ கம்பெனியிடம் கேட்டு வாங்கிப் போட்டாள். அத்தானின் வரிகளை மறுபடி சேர்த்தாள். பெரிய டின்கள் மளமளவென்று அடுக்கப்பட்டன. மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"சார், அந்த எச்சரிக்கையை எடுக்கச் சொன்னது நீங்களா?"

"எந்த எச்சரிக்கை? இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? இப்ப ஓடுதுல்ல, விடுங்க."

மறந்துவிட்டாரா, மழுப்புகிறாரா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் பேக்கிங் பகுதியில் எல்லோர் காதிலும் விழும்படி கொஞ்சம் உரக்கத்தான் கேட்டிருந்தாள். அதன்பிறகு யாரும் அத்தானைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அன்று மாலை அக்கா வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தான் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நான் மாத்தலன்னு சொன்னதை நீ நம்பல. பழைய கம்ப்யூட்டர் சொன்னப்பறம்தான் நம்புன."

"தப்புதான் அத்தான். மனசுல வெச்சுக்காதீங்க."

அக்கா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "அந்தப் பதிப்புல வேகத்தோட அளவையும் ஒரு தடவை பார்த்துக்கோ" என்றார்.

மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக அதைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் எதற்குச் சொன்னார்? நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.