வற்றவேண்டிய பால்

முதலில் பால் வற்றட்டும், மற்றதெல்லாம் பிறகு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றதெல்லாம் என்றால் என் இடது மார்பில் இருந்த கட்டியை அறுத்து எடுப்பது. ஊசி போட்டு எடுத்த சதையைப் பரிசோதித்ததில் அது சாதாரணப் பால்கட்டு இல்லை என்று தெரிந்துவிட்டது. பால் ஓடுகிற இடத்தில் கத்தி வைத்தால் காயத்தின் வழியாகப் பால் கசியும், புண் சீக்கிரம் ஆறாது, அதற்கப்புறம் கொடுக்கவேண்டிய மருந்தும் தள்ளிப்போகும் என்று அந்த அம்மாள் இந்தியில் நிதானமாக விளக்கினார். தள்ளிப்போகக் கூடாது என்பதை மட்டும் இரண்டாம் முறையும் சொன்னார். நான் ஐந்து மாதப் பெண்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கேஸ் சிலிண்டர் பதியப் போனவள் மாதிரி "அச்சா, அச்சா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பாலை நிறுத்த மாத்திரை இருக்கிறது. சின்னதாக, வெள்ளையாக, பார்க்கப் பாவம் போல இருக்கும். போட்ட கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும், வாந்தி வரும் மாதிரி இருக்கும், படுத்தால் அடித்துப்போட்டது போல் தூக்கம் வரும். குழந்தைக்குப் புட்டிப்பால் பழக்கினோம். அவள் ரப்பர் காம்பை நாக்கால் தள்ளிவிட்டு, என் நைட்டியின் கழுத்தைப் பிடித்து இழுத்து அழுவாள். என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்புக்கு மேலேதான் விமானங்கள் தாழ இறங்கும், அதைக் காட்டி ஏமாற்றுவார். அந்த அழுகை கேட்டதும் எனக்குப் பால் சுரந்து சட்டை நனையும். என் உடம்பு எனக்கே எதிராக வேலை செய்கிறது என்று எரிச்சலாக வரும். ஒரு பக்கம் கட்டியை வளர்க்கிறது, இன்னொரு பக்கம் அதை எடுக்கவிடாமல் பாலையும் சுரக்கிறது.

தூத்துக்குடியில் அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று நானும் அவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அம்மாவிடம் சொன்னால் அவள் மாதா கோயிலில் ஜெபத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குள் தெருவே வந்து துக்கம் விசாரிக்கும். ஆபரேஷன் முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தோம். ஆனால் தினமும் போனில் முகத்தைக் காட்டி, பிள்ளை குடித்தாளா குடித்தாளா என்று கேட்பவளிடம் எத்தனை நாளைக்கு மழுப்புவது? ஒருநாள் வாய் தவறி, பால் அவ்வளவாக இல்லை, நின்றுபோகும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் ஊரில் பெற்றவளுக்குப் பால் இல்லை என்றால் வீடு தீப்பிடித்த மாதிரி. அந்த வாரமே அம்மா ரயிலேறி வந்து இறங்கினாள். அவள் பையைத் திறந்தபோது வீடு முழுக்கப் பால்சுறாக் கருவாட்டு வாசனை. கூடவே உரித்த பூண்டு, வெந்தயம், கருப்பட்டி, எல்லாம் பால் ஊறுவதற்கு. வந்த களைப்பு ஆறுமுன் கருவாட்டை வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்தாள். லிஃப்டில் மூக்கைப் பொத்திய எதிர்வீட்டு ஆண்ட்டி யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க, அம்மா தமிழிலேயே பதில் சொல்லி, மார்பைத் தொட்டுக் காட்டி விளக்கியிருக்கிறாள்.

நான் ஒளித்து மாத்திரை போட்டேன். அம்மா எதிரே உட்கார்ந்து சுறாப்புட்டு ஊட்டினாள். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்லவேண்டும். உள்ளே போகிற எது ஜெயிக்கும் என்று தெரியாமல் விழுங்கினேன். டாக்டர் பார்க்கச் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஊரைச் சுற்றிப் புகை இறங்கத் தொடங்கியிருந்தது. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் தெரியாது. குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு மார்பை அழுத்திப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரு சொட்டாவது வந்து நிற்கும்.

கீழ்வீட்டில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். வேலைக்குத் திரும்பப் போகிறேன், பால் நிற்கவேண்டும் என்று மட்டும் சொல்லி அவளிடம் யோசனை கேட்டேன். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்றாள். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். தமிழர்கள் போகிற கோயில் வாசலில், ஊரிலிருந்து விமானத்தில் வந்த பூ கிடைக்கும் என்று சொல்லி என் கணவரை அனுப்பினேன். அவர் வாங்கி வந்து தந்த பூவைத் துணியில் பரப்பி உள்ளே வைத்துக் கட்டினேன். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பூ நான் வைத்ததில்லை. உடம்புச் சூட்டில் அது கறுத்து, இனித்து நாறியது. காலையில் அவிழ்த்துக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

அந்தச் சுருட்டலை அம்மா பிரித்துப் பார்த்துவிட்டாள். வாடின மல்லிகை, அதில் காய்ந்த பால் கறை. வேறு யார் பார்த்திருந்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. பால் தானாக நிற்கவில்லை, மகள் வேண்டுமென்றே நிறுத்துகிறாள். ஆபீஸுக்காகவோ, அழகு குலைந்துவிடும் என்றோ, டெல்லிக்காரி ஆகிவிட்டாள் என்றோ, என்ன நினைத்தாளோ. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புட்டை மட்டும் முன்னைவிட அதிகமாக வைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய நாள் மத்தியானம், மாத்திரை மயக்கத்தில் தூங்கிப்போனேன். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். மார்பில் ஏதோ இழுபடுவது போலிருந்து கண் விழித்தேன். குழந்தை என் வலது பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முழங்காலிட்டு, குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பிடுங்கி விலக்கியிருக்கவேண்டும். என்னால் முடியவில்லை. குழந்தை கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு, அத்தனை ஆசையாகக் குடித்தாள். பாலும் வந்தது. சந்தோஷமாக இருந்தது என்றே சொல்லவேண்டும். இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் வீணாகிறது என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது.

நான் விழித்ததைப் பார்த்து அம்மா முகம் கறுத்தது. ஆனாலும் விடவில்லை. குழந்தையை அந்தப் பக்கம் மாற்றுவதற்காக என் இடது மார்பைக் கையில் தாங்கினாள். அவள் விரல் அங்கே நின்றது.

"பால்கட்டுதாம்ட்டி. பிள்ள குடிச்சா கரைஞ்சிரும். நீ சும்மா இரி."

"அது பால்கட்டு இல்லம்மா" என்றேன்.

அம்மா கையை எடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அமுக்குனா நகருதா, ஒட்டிக்கிட்டு நிக்குதா?"

"ஒட்டிக்கிட்டுத்தான் நிக்குது."

"வலி?"

"வலியில்ல."

ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்ட அதே கேள்விகள். இதையெல்லாம் கேட்கத் தெரிந்தவள் இல்லை என் அம்மா. காய்ச்சல் என்றால் கஷாயம், தலைவலி என்றால் தைலம், அவ்வளவுதான் அவளுக்கு வைத்தியம். நான் எழுந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். பரிசோதனை, ஆபரேஷன், அதற்குப் பிறகான மருந்து, பால் ஏன் வற்றவேண்டும் என்பது வரை. அவள் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள். அழவில்லை, ஆண்டவரைக் கூப்பிடவில்லை. குழந்தை ஏப்பம் விட்டதும் அதைக் கட்டிலில் கிடத்தினாள். வீட்டில் வேறு யாருமே இல்லாதபோதும் எழுந்து போய் அறைக் கதவைத் தாழிட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துத் தன் ஜாக்கெட்டுக்குள், அக்குள் ஓரமாக வைத்து அழுத்தினாள்.

தேடவேண்டிய அவசியமே இல்லை. என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது.

"உன் கல்யாணத்துக்கு முந்தியே இருக்குதுட்டி" என்றாள். "சம்பந்தம் பேசுத நேரத்துல இத யாருகிட்ட சொல்லச் சொல்லுத?"

குடும்பத்தில் யாருக்காவது இந்தக் கட்டி உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேட்டதும், எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது என்று நான் அடித்துச் சொன்னதும் அப்போது ஞாபகம் வந்தது. நாளைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அந்தப் பதிலை மாற்றவேண்டும் என்று நினைத்தேன். கையை அங்கிருந்து எடுக்கத் தோன்றவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குழந்தை பால் குடித்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டை மேலே ஏறி, சின்ன நெஞ்சு மூச்சுக்கு ஏறி இறங்கியது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அதுவரை என் உயிரை நினைத்துத்தான் பயந்திருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் மகளைப் பார்த்துப் பயந்தேன்.